சின்னத்தாய் வாங்கின கையெழுத்து

சின்னத்தாய்கிட்ட வாய் குடுத்து மீண்டவங்க திருப்பூர் நெருப்பெரிச்சல் பகுதியில ரொம்பக் கம்மி. உசிலம்பட்டிப் பக்கத்துலயிருந்து கட்டின துணியோட வந்தவ. பனியன் கம்பெனியில பதினாலு வருசமா செக்கிங் வேலை. தைச்சு வர்ற பனியனை மேஜையில விரிச்சு, எங்க தையல் விட்டிருக்கு, எங்க எண்ணெய்க் கறை பட்டிருக்குன்னு பார்த்து, அந்த இடத்துல சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டணும். எல்லா செக்கரும் அதோட விட்டுருவாங்க. இவ விடமாட்டா. திருத்தத்துக்கு அனுப்புற ஆல்டர் சீட்டுல குறையை எழுதி, தைச்ச டெய்லர்கிட்டக் கொண்டுபோய், "இது நீ தைச்சதுதானே? போடு கையெழுத்தை"ன்னு இடுப்புல கை வெச்சு நிப்பா.

சும்மா வந்த பழக்கம் இல்லை அது. வேலைக்கு வந்த முதல் வருசம் ஒரு டெய்லர், "நான் அதைத் தைக்கவே இல்லை"ன்னு ஒரே சாதனையா சாதிச்சான். முன்னூறு பீஸ் பழி இவ தலையில விடிஞ்சுது. சூப்பர்வைசர் பனியன் கட்டைத் தூக்கி இவ மூஞ்சியில எறிஞ்சான். மூக்குல ரத்தம் கொட்டுச்சு. இவளும் சும்மா இருக்கலை, அதே கட்டைத் தூக்கித் திருப்பி எறிஞ்சா. ஆனா அன்னையிலயிருந்து ரெண்டு சட்டம் வெச்சுக்கிட்டா. ஒண்ணு, குறைக்குக் கையெழுத்து வாங்கணும். இன்னொண்ணு, செக்கிங்காரி ஒரு நாளும் தையலைப் பிரிக்கக் கூடாது. தைச்சவன்தான் பிரிக்கணும். நாம தொட்டா பழி நம்ம மேல வந்துரும்.

அவ வீட்டுக்காரர் மொக்கைச்சாமி பனியன் பண்டல் தூக்குற லோடுமேன். நல்ல மனுசன். சாயங்காலமானா குடிப்பாரு, அதையும் சொல்லிரணும். குடிச்சுட்டு ஒரு தடவை கை நீட்டினாரு. சின்னத்தாய் குழவிக்கல்லைத் தூக்கிட்டா. அதுக்கப்புறம் அந்த வீட்ல வாய்ச்சண்டைதான், கைச்சண்டை கிடையாது. பிள்ளை குட்டி இல்லை. சீட்டுப் பிடிச்சு, ஒண்ணரை சென்ட்ல ரெண்டு ரூம்பு மொட்டைமாடி வீடு கட்டிக்கிட்டாங்க.

தீபாவளி போனஸ் போடற அன்னைக்குத் திருப்பூரைப் பார்க்கணும். கம்பெனி கேட்டுக்கு வெளியே மிக்சி, கட்டில், செல்போன், தங்கச் சீட்டுன்னு ஊரே கடை போட்டு நிக்கும். உறை கைக்கு வந்த அரை மணி நேரத்துல பாதிப் பணம் பறந்துரும். ரெண்டாயிரத்து எட்டு தீபாவளிக்கு சிவசுப்பிரமணியம்னு ஒருத்தரு டெம்போவுல சோலார் தண்ணித் தொட்டியை நிறுத்தி வெச்சு, குழாயைத் திறந்து எல்லார் கையையும் வெந்நீர்ல நனைச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு. ஊரே மின்வெட்டுல நாறிக் கிடந்த வருசம் அது.

"கரண்டு வேண்டாமுங்க, கேஸ் வேண்டாமுங்க. அஞ்சு வருசத்துக்கு கேரண்டிங்க. சூரியன் மாசாமாசம் பில்லு போடுமுங்களா?" அப்படிப் பேசுவாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி. வாய் திறந்தா 'ங்க' இல்லாம ஒரு வார்த்தை வராது.

மொக்கைச்சாமிக்கு இடுப்பு வலி. காலையில சுடச்சுட ரெண்டு சொம்பு ஊத்தினாத்தான் நிமிர முடியும். போனஸ் உறையை அப்படியே நீட்டிட்டாரு. சின்னத்தாய் வீட்டுக்கு வந்து கத்தினா பாருங்க, அந்தத் தெருவுல அன்னைக்கு யாரும் டிவி பார்க்கலை.

மாட்ட வந்தவன் அருள்குமார். குன்னத்தூர்க்காரன். முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆனவன். தன்மையாப் பேசுவான். தொட்டியை மாடியில ஏத்தி, குழாயெல்லாம் இணைச்சு முடிச்சான். சின்னத்தாய் மேல ஏறிப் போய், பனியனைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இணைப்பா விரல் வெச்சுப் பார்த்துக்கிட்டே வந்தா. தொட்டி உச்சியில ஒரு குட்டைக் குழாய் நின்னுது. அதோட வாய்ல மூடி திருகி இருந்துச்சு.

"என்னப்பா இது, மூடி போட்டு வெச்சிருக்க?"

"அது ஆவி போற பைப்புங்கக்கா. உங்க பச்சத்தண்ணித் தொட்டி உசரமா இருக்குதுங்க. இந்தப் பைப்பு அதுக்கும் மேல போகோணும். கொண்டாந்த பைப்பு பத்தலை. தண்ணி வழியுதுன்னு இப்பத்திக்கு மூடி வெச்சிருக்கறனுங்க. நாளைக்கு நீளப் பைப்பு கொண்டாந்து மாட்டிப் போடறனுங்க."

"வராட்டி?"

"வராம எங்க போறனுங்க?" அவன் சிரிச்சான்.

சின்னத்தாய் சிரிக்கலை. கழுத்துல தொங்கின கம்பெனி அடையாள அட்டை உறைக்குள்ள கையை விட்டா. அதுல எப்பவும் நாலு ஸ்டிக்கரும் ரெண்டு ஆல்டர் சீட்டும் இருக்கும். மூடி மேல சிவப்பு அம்பை ஒட்டினா. சீட்டுல எழுதினா: 'மேல் பைப்பில் மூடி போட்டது அருள்குமார். நாளை எடுத்து நீளப் பைப் மாட்ட வேண்டும்.' தேதி போட்டு நீட்டினா.

"போடு கையெழுத்தை."

"இதென்னக்கா, பனியன் கம்பெனியாட்ட இருக்குது?" சிரிச்சுக்கிட்டே வால் நீட்டி ஒரு கையெழுத்துப் போட்டான். அவன் போனவன் போனவன்தான்.

மறுநாள் வரலை. மறு வாரமும் வரலை. போன் போட்டா சிவசுப்பிரமணியம், "ஆளு அனுப்பறனுங்க அம்மிணி"ன்னு தேனா பேசுவாரு. பைப்பு ஏறினபாடில்லை. தை மாசம் மொக்கைச்சாமிக்குப் பொறுமை போயிருச்சு. ஸ்பேனரை எடுத்துக்கிட்டு, "அந்த மூடியை நானே பிடுங்கி எறியறேன், தண்ணி வழிஞ்சா வழியட்டும்"னு மாடிப்படி ஏறினாரு.

சின்னத்தாய் குறுக்க வந்து ஸ்பேனரைப் பிடுங்கிட்டா. "தொடாதய்யா! நீ தொட்டா, அம்புட்டும் உன்னாலதான்னு நம்ம தலையில கட்டிருவான். போட்டவன் வந்து எடுக்கட்டும்."

"மூடிதானேடி?"

"எதுவா இருந்தா என்ன? தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது."

அவரு தொடலை. தினமும் வெந்நீர் எடுத்துக்கிட்டே இருந்தவரைக்கும் ஒரு கெடுதலும் வரலை. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனாங்க. வீடு அஞ்சு நாள் பூட்டிக் கிடந்துச்சு. திருப்பூர் வெயிலைப் பத்திச் சொல்லவே வேண்டாம். அஞ்சு நாளும் தொட்டியில தண்ணி காஞ்சு காஞ்சு கொதிச்சிருக்கு. பச்சத்தண்ணி வர்ற குழாய்ல தண்ணி திரும்பிப் போகாம இருக்க ஒரு வால்வு. மேல மூடி. ஆவிக்குப் போக்கிடமே இல்லை.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து பையை இறக்கினாங்க. மேல என்னமோ உறுமுச்சு. சின்னத்தாய்தான் சொன்னா, "மேல போய் என்னன்னு பாருய்யா. பாரு, தொட்டுராத. நான் கடைக்காரனுக்குப் போன் போடுறேன்."

போன் மணி அடிச்சுக்கிட்டு இருக்கும்போது மாடி வெடிச்சுது. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ள வந்து விழுந்துச்சு. அவ ஓடிப் போய்ப் பார்த்தப்போ தொட்டியோட பக்கத் தகடு பிய்ஞ்சு அடுத்த வீட்டுச் சுவத்துல செருகி நின்னுது. மொக்கைச்சாமி ஆவிப் புகைக்குள்ள கையை விரிச்சு நின்னுக்கிட்டிருந்தாரு. சட்டையைப் பிடிச்சா சட்டையோட தோலும் சேர்ந்து வந்துச்சு. அந்த மனுசன் கத்தலை. அதுதான் அவளுக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில வாழை இலை மேல மூணு நாள் கிடந்தாரு. மூணாம் நாள் உதடு அசைஞ்சுது. அவ காதைக் கிட்டக் கொண்டுபோனா.

"நான் தொடலை, சின்னத்தாயி."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சு இல்லை, ஆளும் இல்லை.

எரிச்சு முடிச்சு வந்தா, ஊர்ல வேற கதை ஓடுது. சிவசுப்பிரமணியம் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. குடிச்சுட்டு மாடியேறி, ஆவி போற குழாய்ல மூடி போட்டது மொக்கைச்சாமிதானாம். கம்பெனி ஆளு ஒழுங்காத்தான் மாட்டிட்டு வந்தானாம். ஊருக்குக் கேக்கவா வேணும்? மனுசன் குடிச்சதைக் கண்ணால பார்த்தவங்கதானே எல்லாரும். லோடுமேனுங்க டீ குடிக்கிற கடையில, "போதையில செஞ்சுக்கிட்டான் பாவம்"னு உச்சுக் கொட்டினாங்க. அந்த 'பாவம்'தான் சின்னத்தாய்க்கு அடிவயித்துல கொள்ளி வெச்ச மாதிரி இருந்துச்சு. தொடாதேன்னு அவ சொன்ன ஒரே வார்த்தைக்காகத் தொடாம நின்னு செத்த மனுசன். அவர் மேலயே பழி.

செக்கிங் மேஜையில பக்கத்துல நிக்கிறவ ரோஸ்மேரி. அவ மச்சானுக்கு ஒரு தடவை ஓட்டைப் பிரிட்ஜை வித்துட்டாங்க, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய் மாத்தி வாங்கினவங்க அவங்க. "வக்கீல்கூட வேண்டாம் சின்னத்தாயி. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்து நாமளே பேசலாம். வாங்கினவரு செத்துட்டா வாரிசு கேக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. மாட்டின வேலையில குறைன்னாலும் கேக்கலாம்."

"என்ன கேக்கலாம்?"

"நஷ்ட ஈடுதான்."

சின்னத்தாய் மனுவுல முதல் வரியா எழுதினது இது: 'என் வீட்டுக்காரர் அந்த மூடியைத் தொடவில்லை என்று எழுதித் தர வேண்டும்.' நஷ்ட ஈட்டை அதுக்குக் கீழே ரோஸ்மேரிதான் சேர்த்து எழுதினா. ஆல்டர் சீட்டோட ஜெராக்ஸை மனுவுல வெச்சு, கோயமுத்தூர் கோர்ட்ல குடுத்தாங்க. திருப்பூர் தனி மாவட்டமா ஆகியிருந்தாலும் அதுக்கெல்லாம் இன்னும் கோயமுத்தூர்தான். எதிர்த்தரப்பு பதில் போட்டுச்சு: ஜெராக்ஸ் பொய், அப்படி ஒரு சீட்டே இல்லை, இருந்தா அசலைக் காட்டட்டும். விசாரணைக்கு நாள் குறிச்சாங்க. அசல் சீட்டு, அவ கழுத்துல, அடையாள அட்டைக்குப் பின்னாடி இருந்துச்சு. குளிக்கிறப்பகூட அதைக் கண் பார்வையில வெச்சுத்தான் குளிப்பா.

விசாரணைக்கு நாலு நாள் முன்னாடி, காலையில பத்து மணி. கரண்டு போய், தெருவுல இருக்கிற நிட்டிங் மிஷினெல்லாம் நின்னு, ஊரே செத்த மாதிரி கிடந்துச்சு. சின்னத்தாய்க்கு அன்னைக்கு மத்தியான ஷிப்ட். வேலைக்குக் கிளம்பக் கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு இருந்தா. கதவை உதைச்சுத் திறந்துக்கிட்டு மூணு பேர் வந்தாங்க. ரெண்டு பேர் தெரியாத மூஞ்சி, கையில இரும்பு ராடு. மூணாவது அருள்குமார். அவன் கண்ணு தரையிலயே இருந்துச்சு.

"அந்தச் சீட்டைக் குடுத்துப் போடுங்கக்கா. நான் அவியகிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிடறனுங்க."

"என் ஆளு வெந்து கெடந்தப்ப நீ எங்கடா போன? இப்ப சீட்டு கேட்டு வாரியா, தூ!"

முதல் ராடு டிவியில விழுந்துச்சு. ரெண்டாவது அவ தோள்பட்டையில. கிரைண்டரைப் புரட்டினாங்க, பீரோவைக் குப்புறத் தள்ளினாங்க, மொக்கைச்சாமி போட்டோவை மிதிச்சாங்க. முடியைப் பிடிச்சு இழுத்து அவ தலையைச் சுவத்துல ஒரு இடி இடிச்சான் ஒருத்தன். கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுச்சு. அரிசிப் பானை வரைக்கும் கவுத்துத் தேடினாங்க. எங்கயும் இல்லை. அப்பத்தான் அருள்குமாருக்கு, அன்னைக்கு மாடியில அவ கையை எதுக்குள்ள விட்டாங்கறது ஞாபகம் வந்துச்சு. நேரா வந்து அவ கழுத்துல இருந்த அட்டையை வலது கையால எட்டிப் பிடிச்சான்.

அந்தக் கயித்துலயே நூல் வெட்டுற கத்திரியும் தொங்கும். விரல் நீளம்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் நூல் வெட்டுற கத்திரி, முனை ஊசியாட்டம் இருக்கும். சின்னத்தாய் யோசிக்கலை. அவன் உள்ளங்கையில அதை இறக்கி, கட்டைவிரல் பக்கமா ஒரே இழுப்பு இழுத்தா. அவன் அலறின அலறல்ல தெருவே வெளியே வந்துச்சு. ராடுக்காரனுங்க சுவரேறிக் குதிச்சு ஓடினானுங்க. அருள்குமார் கையை வயித்தோட அணைச்சுக்கிட்டு, ரத்தம் ஒழுக ஒழுக, வந்த வழியே போனான்.

சீட்டு அவகிட்டயே இருந்துச்சு. ஒரு மூலையில அவன் ரத்தம் அப்பியிருந்துச்சு. தலையில அஞ்சு தையல் போட்டுக்கிட்டு, சாமானெல்லாம் எடுத்து அடுக்கினா. ரெண்டு தரப்பும் போலீசுக்குப் போகலை. அவங்க போனா, அந்த வீட்டுக்குள்ள என்ன வேலைன்னு கேப்பாங்க. இவ போனா, கையை யாரு வெட்டினான்னு கேப்பாங்க.

விசாரணை நாள். நடுவுல தலைவர், ரெண்டு பக்கமும் உறுப்பினர்கள், அதுல ஒருத்தர் பொம்பளை. வழக்கமா இதெல்லாம் தாள்லயே முடிஞ்சுரும். ஒரே கையெழுத்தை ஒருத்தி இருக்குன்னும் ஒருத்தர் இல்லைன்னும் சொல்றதால, அருள்குமாரை நேர்ல வரச் சொல்லியிருந்தாங்க. சின்னத்தாய் அசல் சீட்டை மேஜை மேல வெச்சா.

"இது உங்க கையெழுத்தா?" தலைவர் கேட்டாரு.

"இல்லீங்க." அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"அப்படின்னா இங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டுங்க, ஒப்பிட்டுப் பார்ப்போம்."

சிவசுப்பிரமணியத்தோட வக்கீல் எழுந்தாரு. "முடியாதுங்க ஐயா. வேலை செய்யும்போது தகரம் கிழிச்சு வலது கை நரம்பு அறுந்து போச்சு. இதோ ஆஸ்பத்திரிச் சீட்டு. தினக்கூலி ஆளு, பழைய கையெழுத்துன்னு எங்க ரிஜிஸ்டர்ல எதுவும் கிடையாது."

சின்னத்தாய்க்கு அப்பத்தான் உறைச்சுது. கட்டுப் போட்ட அந்தக் கையையே பார்த்தா. கையெழுத்துப் போட்ட கை. தன் சாட்சியைத் தானே குத்திக் கிழிச்சிருக்கா. எதிர் பெஞ்சுல சிவசுப்பிரமணியம் விபூதி நெத்தியோட அமைதியா உக்கார்ந்திருந்தாரு. இப்ப வாயை மூடிக்கிட்டு உக்கார்ந்தா வீட்டுக்குப் போகலாம். ஆனா மொக்கைச்சாமி குடிகாரனாவே சாவணும், ரெண்டாவது தடவையும்.

எழுந்து நின்னா. "ஐயா, தகரம் இல்லீங்க. நான் வெட்டினேன்."

கோர்ட்டே திரும்பிப் பார்த்துச்சு. வக்கீல் துள்ளிக் குதிச்சாரு. "பதிவு பண்ணிக்கங்க ஐயா, மனுதாரரே ஒத்துக்கிட்டாங்க! இது கொலை முயற்சி!"

"பண்ணிக்கங்க. ஜெயிலுக்குப் போகணும்னாலும் போறேன். என் வீட்டுக்குள்ள ராடோட வந்து, இந்தச் சீட்டைப் பிடுங்கினான். பிடுங்கின கையை வெட்டினேன். பாருங்க, அந்த மூலையில இருக்கிறது அவன் ரத்தம்தான்." அவ அருள்குமார் பக்கம் திரும்பினா. "உன் கையெழுத்தே இல்லைன்னா, அதைப் பிடுங்க நீ எதுக்குடா வந்த? என் ஆளு சாகறப்ப என்ன சொன்னாரு தெரியுமா? தண்ணி கேக்கலை. வலிக்குதுன்னு சொல்லலை. நான் தொடலைன்னு சொன்னாரு. அது பொய்யாடா? சொல்லு, நீ சொல்லு!"

அந்த பொம்பளை உறுப்பினர் மெதுவாக் கேட்டாங்க, "பயப்படாம சொல்லுங்க தம்பி. அந்த மூடியை யார் போட்டது?"

அருள்குமார் சிவசுப்பிரமணியத்தைப் பார்த்தான். கை போய் நாலு நாள் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வந்து பார்க்காத மனுசன், இன்னைக்கு விடிகாலையில மட்டும் கார் அனுப்பியிருந்தாரு. அருள்குமாருக்கு முகம் கோணி, குழந்தையாட்டம் அழுகை வந்துருச்சு.

"நாந்தானுங்க. பைப்பு பத்தலைன்னு நாந்தான் மூடி போட்டனுங்க. மறுநாளே பைப்பு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டனுங்க. இன்னொரு நடை டெம்போ செலவு எதுக்கு, அப்படியே இருக்கட்டும்னு ஓனர் சொல்லிட்டாருங்க. அந்தண்ணன் மேல ஒண்ணுமே இல்லீங்க. கையெழுத்து என்னோடதுதானுங்க."

விசாரணை முடிஞ்சு எல்லாரும் வராந்தாவுக்கு வந்தாங்க. சிவசுப்பிரமணியத்தோட 'ங்க' எல்லாம் அன்னைக்குத்தான் உதிர்ந்துச்சு. "சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடா நாயே!"ன்னு அருள்குமார் நெஞ்சுல ஒரு உதை விட்டாரு. அவன் மல்லாக்க விழுந்தான். கட்டுப் போட்ட கையைச் செருப்புக் காலால ஏறி மிதிச்சு, அரைச்சாரு. கட்டுத்துணி சிவந்துச்சு.

சின்னத்தாய் தன் செருப்பைக் கழட்டி அவரு வாயிலயே விட்டா ஒண்ணு. ஒரு பல்லு தெறிச்சு வராந்தாவுல உருண்டுச்சு. இன்னொண்ணு விட்டா. "அந்தக் கை மேல காலை வைக்காதய்யா! அது என் ஆளுக்காகப் பேசின கை!" நாலு பேர் சேர்ந்து பிடிச்சு இழுத்தும் மூணாவதும் விழுந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சுத் தீர்ப்பு வந்துச்சு. வேலையில குறை, அலட்சியம், நஷ்ட ஈடு, கட்டத் தவறினா ஜெயில்னு எல்லாம் இருந்துச்சு. ரோஸ்மேரி படிக்கப் படிக்க, "அதெல்லாம் கெடக்கட்டும், அது எங்க?"ன்னு இவ அவசரப்பட்டா. ஆறாம் பக்கத்துல இருந்துச்சு: 'மூடியைப் பொருத்தியது எதிர்மனுதாரரின் பணியாளரே. இறந்தவர் மொக்கைச்சாமி மீது எந்தத் தவறும் இல்லை.' அவ அதை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டா. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லோடுமேனுங்க டீக்கடைச் சுவத்துல பசை போட்டு ஒட்டி, அந்த வரிக்கு நேரா சிவப்பு அம்புக்குறியை வெச்சு அழுத்தினா. "படிக்கத் தெரிஞ்சவன் படிங்க. தெரியாதவன் கேட்டுக்கங்க. இனி எவனாவது பாவம்னு சொன்னா, நாக்கை அறுத்துருவேன்."

சிவசுப்பிரமணியம் விடுவாரா? கோர்ட்டுல அவளே ஒத்துக்கிட்டதை வெச்சு, அருள்குமார் கையை அவ வெட்டினதா போலீஸ்ல புகார் குடுத்துட்டாரு. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. சின்னத்தாய் மாத்துச்சேலை ஒண்ணும், பல்பொடியும் பையில எடுத்துக்கிட்டா. கத்திரியைத் தாள்ல சுத்தி எடுத்துக்கிட்டா. உள்ள போறதுன்னே முடிவு பண்ணித்தான் போனா.

அருள்குமார் அங்க பெஞ்சுல உக்கார்ந்திருந்தான். சோலார் வேலை போயிருச்சு. வலது கை சூம்பிப் போய் மடியில கிடந்துச்சு.

"உன் கையை யாருய்யா வெட்டினது?" இன்ஸ்பெக்டர் கேட்டாரு.

"தகரம் கிழிச்சதுங்க."

"இந்தம்மாவே ஒத்துக்கிச்சேய்யா!"

"கோவத்துல என்னமோ சொல்லியிருப்பாங்க. தகரந்தானுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல அப்படித்தான் இருக்குது. எங்க ஓனரேதான் அதைக் கோர்ட்டுல குடுத்தாருங்க."

இன்ஸ்பெக்டர், புகாரோட எதிர்ல நின்ன சிவசுப்பிரமணியத்தைப் பார்த்தாரு. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பொய்னு சொன்னா, கோர்ட்டுல பொய்ச் சீட்டு குடுத்தது அவரு. நிஜம்னு சொன்னா புகாரே இல்லை. அரை மணி நேரத்துல எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்க.

வெளியே வேப்பமரத்தடியில அருள்குமார் வந்து நின்னான். "அக்கா, என்னை மன்னிச்சுப் போடுங்க."

"உன்னை நான் மன்னிக்கலை. மன்னிப்பேன்னு எதிர்பார்த்துக்கிட்டும் வராத. நீ மறுநாள் ஒரு நடை வந்து அந்த மூடியை எடுத்திருந்தா அவரு இருந்திருப்பாரு." தலையில அஞ்சு தையல் போட்டப்பகூட அழாத பொம்பளை. இப்ப கண்ணுல தண்ணி நிக்குது. "தை மாசம் அவரு அந்த மூடியை எடுக்கப் போனாருடா. ஸ்பேனரோட படியேறிட்டாரு. நான்தான் பிடுங்கி வெச்சேன்."

சின்னத்தாய் அடையாள அட்டைக்குள்ள கையை விட்டு, ஒரு ஆல்டர் சீட்டை எடுத்தா. முழங்கால் மேல வெச்சு எழுதினா: 'மூடியை எடுக்காதே என்று சொன்னது சின்னத்தாய்.' அன்னைய தேதி போட்டா. கீழே அவளே கையெழுத்துப் போட்டா. அதை மடிச்சு, உறைக்குள்ள வெச்சா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மத்தியான ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தா.